வைட்டமின் சி டிரிப்: கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்

புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் அடிக்கடி காதில் விழுந்தது: "சிஸ்டர், வைட்டமின் சி டிரிப் போட்டா சரியாயிடுமாமே?"

யாராவது ஆய்வைக் காட்டினால், மருந்து வாய்வழியா நரம்புவழியா என்று முதலில் பாருங்கள். பழைய சண்டையே இதில்தான். 1976இல் ஸ்காட்லாந்து டாக்டர் கேமரனும் நோபல் பரிசு வாங்கிய வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் புற்றுநோய்க்கு வைட்டமின் சி பலன் உண்டு என்றார்கள். அவர்கள் நரம்பிலும் ஏற்றினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை வாய்வழியாக மட்டும் தினம் 10 கிராம் கொடுத்து, பலன் இல்லை என்றது. எவ்வளவு விழுங்கினாலும் குடல் ஓரளவுக்கு மேல் உள்ளே விடாது. நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் பல மடங்கு கூடும்.

அப்புறம், யாரோடு ஒப்பிட்டார்கள்? கேமரன் ஒப்பிட்டது பழைய கேஸ் ஷீட்டுகளோடு. அமெரிக்காவின் அயோவாவில் 34 கணையப் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு கீமோவுடன் வாரம் மூன்று முறை நரம்பில் 75 கிராம் வைட்டமின் சி கொடுத்தார்கள்; மறு பாதிக்கு கீமோ மட்டும். இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 8 மாதத்திலிருந்து 16 ஆனது. சந்தோஷம், ஆனால் 34 பேர்தான். சீனாவில் 442 பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் கீமோவுடன் இந்த டிரிப்பைச் சேர்த்துப் பார்த்தபோது, நோய் முற்றாமல் இருந்த காலம் கூடவில்லை.

டாக்டர் சம்மதித்தாலும் கீமோவை நிறுத்தாதீர்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்த நொதி குறைவாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் பாருங்கள், சிறுநீரகக் கல் வந்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளே, டிரிப் போட்ட அன்று குளுக்கோமீட்டரை நம்பாதீர்கள். பல மீட்டர்கள் வைட்டமினையும் சர்க்கரை என்றே எண்ணிவிடும். ஒரு பெரியவருக்கு மீட்டர் எகிறிக் காட்ட, இன்சுலின் ஊசியோடு கிளம்பிவிட்டேன். லேபுக்கு அனுப்பிப் பார்த்தால் 130.