சமபலத்தார் ஆடிய செஸ்: படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் தே தாரேக் குடிக்கும் கடையில் ஞாயிறுதோறும் இரண்டு பெரியவர்கள் செஸ் ஆடுவார்கள். ஒருவர் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்தவர், மற்றவர் லாரி ஓட்டியவர். இந்த வாரம் இவர் ஜெயித்தால் அடுத்த வாரம் அவர். பக்கத்தில் உட்காரும் பையன்கள் நகர்வுகளை எழுதிக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் எழுதி முடித்த கையோடு கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை, அதாவது ஆட்டத்தை அலசிச் சொல்லும் கணினி நிரலை, திறந்துவிடுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது.

யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதை எஞ்சின் ஓர் எண்ணாகச் சொல்லும்; பூஜ்யம் என்றால் சமம். சமபலத்தார் ஆட்டத்தில் அது பல நேரம் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். 'ஒன்றும் இல்லை' என்று தள்ளிவிடுகிறோம். பூஜ்யம் என்றால் இருவருக்கும் சிரமம் ஒன்றே என்று பொருளில்லை.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் நடந்ததையே பாருங்கள். 2024 உலகச் சாம்பியன் போட்டியில் 13 ஆட்டங்கள் முடிந்தபோது அப்போதைய சாம்பியன் டிங் லிரெனும் அவரை எதிர்த்து ஆடிய குகேஷும் 6.5–6.5 புள்ளி. 14-ஆவது ஆட்டத்தில் டிங்குக்கு வெள்ளை, குகேஷுக்குக் கறுப்பு. அதன் இறுதிக் கட்டத்தில் இருவரிடமும் ஒரு யானை (rook), ஒரு மந்திரி (bishop). குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. எஞ்சின் கணக்கில் சமம். ஆனால் குகேஷ் ஆபத்தில்லாமல் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். டிங் ஒவ்வொரு முறையும் சரியாகத் தடுத்தாக வேண்டும், அதுவும் குறைந்த நேரத்தில். 55-ஆவது நகர்வில் அவர் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டி மாற்றிவிட்டு மந்திரியை டி5-க்குக் கொண்டுவந்தார். மூலையில் ஏ8-இல் கிடந்த வெள்ளை மந்திரிக்குத் தப்ப வழியில்லை. மந்திரிகளும் வெட்டி மாற்றப்பட்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும் மட்டுமே உள்ள ஆட்டம், அதில் கறுப்புக்கே வெற்றி. 58 நகர்வுகளில் முடிந்தது.

55-ஐ மட்டும் பார்ப்பவர் 'சாம்பியனே இப்படியா?' என்பார். ஒரு சிப்பாய் குறைவாக அந்தக் கட்டத்துக்கு டிங் எப்படி வந்தார் என்று பின்னோக்கிப் போனால்தான் பாடம் கிடைக்கும்.

ஜெயித்தவர் பக்கமிருந்தே படிப்பது அடுத்த தவறு. முடிவு தெரிந்துவிட்டால் அவர் வைத்ததெல்லாம் திட்டமிட்டதாகவே தோன்றும். எழுதிய நகர்வுகளை ஒரு தாளால் மூடிக்கொண்டு, இரு பக்கத்துக்கும் நீங்களே நகர்வை ஊகித்து எழுதுங்கள். எஞ்சின் அப்புறம்.

டிராவைத் தாண்டிப் போகிறவர்களும் உண்டு. 2018 லண்டன் உலகச் சாம்பியன் போட்டியில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டங்களும் டிராதான். யார் எங்கே நெருக்கினார், மற்றவர் எப்படி நழுவினார் என்று பார்க்க அதைவிட என்ன வேண்டும்?

சரி, உள்ளூர் ஆட்டத்தில் இன்னொரு வசதி: ஆடியவரையே கேட்கலாம். பையன் ஒருவன் மெச்சிய ஒரு நகர்வைப் பற்றி மண்டோரிடம் கேட்டபோது, "குதிரைய கவனிக்கவே இல்லப்பா, தப்பிச்சேன்" என்றார்.