பாயிண்ட் கார்டுகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் நான் மாலை நேரங்களில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் செம்மண் மைதானத்தில், ஜூன் மாதம் வந்துவிட்டால் பயிற்சி முடிந்த பின்னும் கூட்டம் கலைவதில்லை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், எந்த அணி யாரை எடுக்கும் என்று கைப்பேசியை நடுவில் வைத்துக்கொண்டு பையன்கள் வாதிடுவார்கள். நம் நேரப்படி அது விடியற்காலையில் நடப்பதால், முந்தைய நாள் மாலையே தம் பட்டியலை எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவற்றைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. ஏனென்றால் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டுகளுக்கு அவர்கள் எழுதும் காரணங்களில் பெரும்பாலானவை, ஒரு காலத்தில் நானே என் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டவை.

இரண்டு நிமிடக் காணொளியைப் பார்த்து முடிவு செய்யாதே, டங்க் அடிப்பதைக் கண்டு மயங்காதே என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு வாரத்தில் தாமாகவே புரிந்துவிடும்.

ஒரே பருவத்து மூன்று புள்ளிச் சதவீதத்தை நம்புவது

2017ஆம் ஆண்டு டிராஃப்டில் முதலிடத்தில் மார்கெல் ஃபுல்ட்ஸ், இரண்டாமிடத்தில் லான்சோ பால் என இரண்டு பாயிண்ட் கார்டுகள் அடுத்தடுத்துப் போனார்கள். கல்லூரியில் ஃபுல்ட்ஸின் மூன்று புள்ளிச் சதவீதம், அதாவது தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவற்றில் கூடைக்குள் விழுந்தவை, 41.3; பாலின் சதவீதம் 41.2. இருவரும் எறிவதில் தேறியவர்கள் என்று நான் உறுதியாக எழுதிவைத்திருந்தேன். அன்று என்னோடு உட்கார்ந்திருந்தவர், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நண்பர். பர்மாத் தேக்குப் பெட்டி எதுவானாலும், மேலே இருக்கும் பாலிஷைப் பார்க்குமுன் அதைக் கவிழ்த்து அடிப்பலகையைத் தடவிப் பார்க்கிறவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "ஃப்ரீ த்ரோ எவ்வளவு போடுறான் தம்பி?" என்று மட்டும் கேட்டார். எதிரணி தவறிழைத்தால் தடுப்பவர் இன்றி எறியக் கிடைக்கும் அந்த ஃப்ரீ த்ரோவில் ஃபுல்ட்ஸ் 64.9 சதவீதம், பால் 67.3 சதவீதம். அண்ணனுக்கு ஆட்டம் அவ்வளவாகப் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் பேச்சை மாற்றினேன்.

அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. ஃபுல்ட்ஸ் கல்லூரியில் ஆடியது 25 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து மூன்று புள்ளி முயற்சிகள் என்று வைத்தால், மொத்தம் 125 எறிதல்கள். அவற்றில் பத்து மட்டும் வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால், 41 என்ற அந்த எண் 33 ஆகியிருக்கும். அப்போது அவரை எறிவதில் தேறியவர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பருவம் முழுவதும் பத்துப் பந்துகள் நல்லபடியாகத் துள்ளி விழுவதற்குத் திறமைதான் வேண்டும் என்பதில்லை. போதாததற்கு, அன்று கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது, என்.பி.ஏ.வில் வளைவின் உச்சியில் அது 23 அடி 9 அங்குலம். ஃப்ரீ த்ரோக் கோடோ இரண்டிலும் 15 அடிதான்; முன்னால் கையை நீட்ட ஆள் இல்லை, ஓட்டம் இல்லை, அவசரமும் இல்லை. கை எப்படிச் சுழல்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் அங்கே கலப்பதில்லை. ஆகவே மூன்று புள்ளி எண் பாலிஷ் என்றால், ஃப்ரீ த்ரோ எண்தான் அடிப்பலகை.

முதல் பருவத்தில் பாலின் மூன்று புள்ளிச் சதவீதம் 30.5 ஆகச் சரிந்தது. ஃப்ரீ த்ரோ 45.1. ஃபுல்ட்ஸ் எறியவே தயங்கினார். அவருக்குத் தோள்பட்டை நரம்புகள் அழுந்தும் கோளாறு இருந்தது 2018 டிசம்பரில் கண்டறியப்பட்டது என்பதால், அவருடைய சரிவு முழுவதையும் இந்த ஒரு கணக்கின் மேல் ஏற்றுவது நியாயமல்ல. ஆனால் எச்சரிக்கை அந்தக் குறைந்த ஃப்ரீ த்ரோ எண்ணிலேயே எழுதியிருந்தது என்பது மாறாது. அந்த முதலிடத்துக்காக ஃபிலடெல்ஃபியா அணி தன்னிடமிருந்த மூன்றாம் இடத்தையும் பின்னாளைய முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் பாஸ்டன் அணிக்குக் கொடுத்தது. அந்த மூன்றாம் இடத்தில் பாஸ்டன் எடுத்தவர் ஜேசன் டேட்டம்.

தலைகீழான எடுத்துக்காட்டும் உண்டு. டைரீஸ் மேக்ஸி கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மூன்று புள்ளியில் 29.2 சதவீதம்தான், அதைக் காட்டியே பலரும் அவரைக் கீழே தள்ளினார்கள். ஃப்ரீ த்ரோவில் அவர் 83.3 சதவீதம். 2020இல் 21ஆவது இடம்வரை இறங்கி வந்தவர், 2022-23 பருவத்தில் மூன்று புள்ளியில் 43.4 சதவீதத்தைத் தொட்டார்.

வேறு எந்த இடத்து ஆட்டக்காரரையும்விட பாயிண்ட் கார்டுக்கு இந்தத் தவறு ஏன் அதிகம் சுடுகிறது என்றால், அவர் எறியமாட்டார் என்று தெரிந்த மறுகணமே எதிரணியின் தடுப்பாளர், பாயிண்ட் கார்டின் தோழர் குறுக்கே நின்று மறிக்கும் ஸ்கிரீனுக்கு முன்னால் போராடாமல் அதன் பின்புறமாக நழுவிப் போய்விடுவார். அதனால், மறித்தவர் உடனே கூடையை நோக்கித் திரும்பி ஓடும் பிக் அண்ட் ரோல் என்ற ஆயுதமே மழுங்கி, மற்ற நால்வருக்கும் இடம் குறுகிவிடுகிறது. மூலையில் நிற்பவர் எறியாவிட்டால் ஒரு மூலைதான் அடைபடும்; பந்தை வைத்திருப்பவர் எறியாவிட்டால் ஆடுகளமே அடைபடும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் அடுத்த கோடையில் நானே இதைச் செய்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. எங்கள் ஊர் அணிக்குப் பந்தைக் கொண்டுவரும் இடத்துக்கு இரண்டு பையன்கள் இருந்தார்கள். ஒருவன் அந்தப் போட்டியின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஆறு மூன்று புள்ளிகள் போட்டான். மற்றவன் எல்லோரும் போன பிறகு விளக்கு அணையும்வரை ஃப்ரீ த்ரோக் கோட்டில் நின்று பத்துக்கு எட்டு போடுகிறவன். நான் முதலாமவனை ஆடவிட்டு, இரண்டாமவனை வெளியே உட்காரவைத்தேன். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அந்த ஆறின் மவுசு தீர்ந்துவிட்டது. அதற்குள் இரண்டாமவன் வாலிபால் பக்கம் போய்விட்டான். இன்றும் தேவகோட்டைச் சாலையில் எதிர்ப்பட்டால் "சார்" என்று மரியாதையாகத்தான் நிற்கிறான்.

ஃப்ரீ த்ரோ நன்றாகப் போடுகிறவர் எல்லோரும் தொலைவிலிருந்து எறிவார்கள் என்று சொல்லவில்லை. எறியும் முறையை மாற்றிக்கொண்டு பால் பின்னர் முன்னேறியதும் உண்மை. அப்போது அவருடைய ஃப்ரீ த்ரோவும் கூடவே ஏறியது என்பதையும் கவனியுங்கள்.

அசிஸ்ட் எண்ணிக்கையைப் பார்வைக் கூர்மை என்று கொள்வது

ஓர் அசிஸ்ட், அதாவது புள்ளிக்கு நேரடியாக வழிசெய்த பந்துக்கொடுப்பு, பதிவாக வேண்டுமென்றால் இன்னொருவர் பந்தைப் போட வேண்டும். 2011-12இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கெண்டல் மார்ஷல் ஆட்டத்துக்கு 9.8 அசிஸ்ட் கொடுத்தார். அந்த அணியிலிருந்து அந்த ஆண்டே ஹாரிசன் பார்ன்ஸ், ஜான் ஹென்சன், டைலர் ஸெல்லர் மூவரும் முதல் 17 இடங்களுக்குள் தேர்வானார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணின் எடை தெரியும். மார்ஷல் நன்றாகவே பந்து கொடுப்பவர். ஆனால் தாமே புள்ளி எடுப்பார் என்ற பயம் எதிரணிக்கு இல்லாததால், 13ஆவது இடத்தில் எடுக்கப்பட்டும் என்.பி.ஏ.வில் வேரூன்றவில்லை. பந்து கையை விட்டுப் போகுமுன் தடுப்பாளரைக் கண்ணாலும் தோளாலும் நகர்த்துகிறாரா என்று பாருங்கள். அப்படிக் கொடுத்த பந்தைத் தோழர் தவறவிட்டாலும் உங்கள் நோட்டில் அதை ஒன்றாகவே எண்ணுங்கள்.

டர்ன்ஓவரையும் இதே கண்ணோடு பிரிக்க வேண்டும். டிரே யங் கல்லூரியில் ஆட்டத்துக்கு ஐந்துக்கு மேல் பந்தை இழந்தார். அதே பருவத்தில் புள்ளியிலும் அசிஸ்டிலும் நாட்டிலேயே முதலிடம் அவருக்குத்தான். இல்லாத இடைவெளியை நம்பிக் கொடுத்துப் பறிகொடுப்பது வயதோடு திருந்தும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது தன் காலிலேயே பந்தை இடித்துக்கொள்பவரைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

காலணியோடு அளந்த உயரம்

கழற்றிவிட்டு அளந்ததை எழுதுங்கள்; கைவிரிவையும் சேர்த்து எழுதுங்கள்.

வயதைக் காட்டி ஒதுக்குவது

மூன்று, நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடியவர் என்றால் "இனி வளர மாட்டார்" என்று எங்கள் பையன்கள் கோடு கிழித்துவிடுகிறார்கள். ஜேலன் பிரன்சன் மூன்றாண்டுகளில் வில்லனோவாவுக்காக இரண்டு தேசியப் பட்டங்கள் வென்றும் 2018இல் 33ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்டார்; டேமியன் லில்லார்ட் நான்காண்டுகள் வெபர் ஸ்டேட்டில் ஆடிவிட்டுத்தான் வந்தார். எதிர்ப்பக்கம் ஜிம்மர் ஃப்ரெடெட்டும் நிற்கிறார். கடைசி ஆண்டில் நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்து, 10ஆவதாகப் போய், நிலைக்கவில்லை. ஆகவே வயதைவிட, அந்தத் திறன் எதைச் சார்ந்தது என்பதே கேள்வி. பிரன்சனின் கால்வேலையும் திடீர் நிறுத்தமும், எதிரில் நிற்பவர் இன்னும் வேகமானவராக மாறினாலும் பலிப்பவை.

எந்த லீக் என்று பார்க்காமல் எண்களை ஒப்பிடுவது

லூகா டான்சிச் ஐரோப்பாவின் உயர்மட்ட லீகான யூரோலீகில் எடுத்தது ஆட்டத்துக்கு 16 புள்ளிகள்தானே என்று ஒரு பையன் எழுதிக்கொடுத்தான். அந்த 16ஐ அவர் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக, என்.பி.ஏ.வைவிடக் குறுகிய 40 நிமிட ஆட்டங்களில், 18-19 வயதில் எடுத்து, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார்.

தேர்வு எண்ணைத் தீர்ப்பாகக் கொள்வது

ஐசேயா தாமஸ், 2011, 60ஆவது இடம். அதுதான் அந்த ஆண்டின் கடைசி இடம்; ஆனாலும் பின்னாளில் அவர் நட்சத்திர ஆட்டக்காரரானார்.

நெரிசலை மறப்பது

தடுப்பாளர் யாரையும் தடுக்காமல் கூடையடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற என்.பி.ஏ. விதி கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. ஆகவே உயரமானவர் கூடைக்கு அடியிலேயே குடியிருக்கலாம். அந்த நெரிசலுக்குள் நுழைந்து, நின்று, நிதானமாகப் போடுகிறவருக்கு என்.பி.ஏ.வில் இடம் இன்னும் விரியும். ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் கென்டக்கியில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வேகம் போதாது என்று நான் அவரை 2018 பட்டியலில் மிகக் கீழே எழுதியிருந்தேன். 11ஆவதாகப் போன அவர் 2024-25இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நோட்டு வீட்டுப் பரணில் எங்கோ இருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.