மாற்று இதயத்தைச் சுற்றி நீர் சேரும்போது வீட்டில் நடக்கும் தவறுகள்

இலங்கையின் முதல் இதயமாற்றுச் சத்திரசிகிச்சை 2017இல் கண்டியில்தான் நடந்தது. மலையகத்தாருக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் வார்டிலிருந்து வந்தவர் ஹட்டன் பக்கமோ பதுளைப் பக்கமோ தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, அவரை இராப்பகலாகப் பார்ப்பது வீட்டார்தான். அவர்களை அதிகம் ஏமாற்றுவது இதயத்தைச் சுற்றிச் சேரும் நீர்.

இதயத்தைப் போர்த்தியிருக்கும் உறைக்குள் 15 முதல் 50 மில்லிலீற்றர் நீர் எப்போதும் இருக்கும். நோயில் பெருத்துப்போன பழைய இதயத்துக்கு ஏற்ப விரிந்த உறைக்குள் அளவான புது இதயத்தை வைத்தால், மிச்ச இடத்தில் நீர் சேரும். முதல் வாரங்களில் இது சாதாரணம். பெரும்பாலும் தானாக வற்றும். இரத்தக்கசிவு, கிருமித்தொற்று, புது இதயத்தை உடல் ஏற்க மறுப்பது ஆகியவற்றாலும் சேரலாம். மெதுவாகச் சேர்ந்தால் உறை விரிந்துகொடுத்து ஒரு லீற்றரைக்கூடத் தாங்கும். சட்டென்று சேர்ந்தால் 200 மில்லிலீற்றரே இதயத்தை நெரித்துவிடும்.

நெஞ்சுவலி வந்தால் போகலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. மாற்றும்போது இதயத்துக்குப் போகும் நரம்புகள் அறுபடுவதால் வலி தெரியாமலே போகலாம். நாடித்துடிப்பும் ஏமாற்றும்: சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை அடிப்பது இந்த இதயத்துக்கு இயல்பு. அந்த ஆளுக்கு வழக்கமாக எவ்வளவு என்று குறித்து வைத்தால்தான் மாற்றம் பிடிபடும்.

வலியைவிடத் தலையணையைக் கவனியுங்கள். ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு கேட்கிறார், பிறகு படுக்கவே முடியாமல் இஸ்தோப்பில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், அது சும்மா இல்லை. கழுத்து இரத்தக்குழாய் புடைப்பது, தலைசுற்றுவது, சோறு இறங்காதது, கால் வீங்குவது எல்லாம் கூடவே வரலாம். நம் ஊரில் இதற்குப் பதில் தயாராக இருக்கும்: "பனிக்கு இழுக்குது, கொத்தமல்லித் தண்ணி குடிச்சா சரியாப் போயிரும்." நுவரெலியாக் குளிரில் யாருக்குத்தான் இழுக்காது! காய்ச்சல் இல்லையே என்ற ஆறுதலும் உதவாது. உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிரெட்னிசொலோன் குடிப்பவருக்குத் தொற்று இருந்தும் உடம்பு சுடாமல் இருக்கலாம்.

அடுத்தது, கால் வீக்கத்தைப் பார்த்து நீர் போகும் குளிசையை நாமே கூட்டிக் கொடுப்பது. உறைக்குள் இருக்கும் நீரை அது இறைக்காது. நெரிபடும் இதயத்துக்கு வரும் இரத்தத்தைக் குறைத்து, பிரஷரை இறக்கி ஆளையே சாய்த்துவிடும். உடம்பு வலிக்கு டைக்ளோபெனாக் வாங்கிப் போடுவதும் கூடாது. புது இதயத்தை உடல் மறுக்காமலிருக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸோ சைக்ளோஸ்போரினோ குடிப்பவரின் சிறுநீரகம் கெடும். ஜம்போலாப் பழமும் வேண்டாம், அந்த மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள். நீரைக் காட்டுவது எக்கோ என்ற இதய ஸ்கேன். ஊசியாலோ குழாயாலோ வடித்த பிறகும் மறுபடி சேரலாம் என்பதால், அடுத்த எக்கோவைத் தவறவிடக் கூடாது.

இரவில் மூச்சு முட்டினால் விடியட்டும், பஸ் வரட்டும் என்று இருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, இதயம் மாற்றிய நோயாளி என்பதை முதலில் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியும் குளிசைப் பையும் கையோடு போகட்டும்.