மருத்துவமனைத் தொடர்பு அலுவலர் வேலைக்குப் போகிறீர்களா?

தஞ்சாவூரில் பெரிய மருத்துவமனை வைத்திருப்பவர்களுக்கு, மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கம் கிளினிக் நடத்தும் மருத்துவர்கள் நோயாளிகளை அனுப்பிவைக்க, அவர்களிடம் நல்லுறவு தேவை. அதற்குத்தான் இந்த வேலை. மருந்து விற்பனைப் பிரதிநிதியாகப் பை தூக்கியவர்களுக்குக் கைவந்த கலை.

சம்பளம் பேசும்போது மொத்தத் தொகையைக் கேட்டு மயங்காதீர்கள். நிலையான சம்பளம் எவ்வளவு, ஊக்கத்தொகை எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். பெட்ரோல் படியும் தனியாக வேண்டும். பட்டுக்கோட்டைக்கு ஒருமுறை போய்வந்தாலே 100 கிலோமீட்டரை நெருங்கிவிடும், ஐப்பசி மழையில் அந்த அலைச்சல் தனிக்கதை.

நோயாளியை அனுப்பும் மருத்துவருக்குக் கமிஷன் கொடுப்பதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடைசெய்கின்றன. அந்தக் கமிஷன் பணத்தை உறையில் போட்டு உங்கள் கையில் கொடுத்து அனுப்பும் நிர்வாகம் என்றால் அந்த வேலையே வேண்டாம். சிகிச்சை முடிந்த நோயாளியின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தை, அதாவது என்ன சிகிச்சை நடந்தது என்று சொல்லும் அறிக்கையை, அந்த நோயாளியை அனுப்பிய மருத்துவரிடம் மறுநாளே சேர்த்துப் பாருங்கள். அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.