ஏ.டி.வி.யைப் பிக்கப்பில் ஏத்தப் போறீங்களா? முதல்ல ராம்ப்பைக் கட்டுங்க

பெங்களூருக்கு வெளியே, கனகபுரா ரோட்டில் ஹாரோஹள்ளி தாண்டி ஒரு தோட்டம். ஏ.டி.வி.யின் (மண்ணிலும் சேற்றிலும் ஓடும், பைக் மாதிரி ஹேண்டில் பிடித்து ஓட்டும் நாலு சக்கர வண்டி) முன் சக்கரம் ரெண்டும் பிக்கப் பாடிக்குள் வந்தாச்சு, பின் சக்கரம் ராம்ப்பின் (வண்டி ஏற்றச் சாய்த்துப் போடும் பலகையின்) பாதியில் நிக்குது. ஓட்டினவர் கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அமுக்கினார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, ராம்ப் மட்டும் பின்னால் பறந்தது. வண்டியின் வயிறு பாடி விளிம்பில் மோதித் தொங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அடித்தகடு நசுங்கியதோடு போச்சு. ராம்ப்பைக் கட்ட மறந்த புண்ணியவான் நான்தான்.

சக்கரம் மேலே ஏறணும்னா, தனக்குக் கீழே இருப்பதைப் பின்னால் தள்ளித்தான் ஏறும். ராம்ப்பின் மேல் நுனி பாடி விளிம்பில் சும்மா சாய்ந்திருந்தால், அந்தத் தள்ளலே அதை உருவிப் போட்டுவிடும். அதனால் ராம்ப் ஒவ்வொன்றையும் ஒரு சங்கிலியாலோ பெல்ட்டாலோ பிக்கப்பின் சேஸிஸோடு (அடிச்சட்டத்தோடு) இழுத்துக் கட்டுங்க. ரெண்டு நிமிஷ வேலை. இந்தப் பதிவில் இது ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சம்மதம்.

இப்போது ஆரம்பத்திலிருந்து வருவோம். நம்ம ஊரில் ஓடும் ஏ.டி.வி.களில் பெரும்பாலானவை ரோட்டில் ஓட்டப் பதிவு செய்யப்படாதவை. பெங்களூருக்குள் அல்சூரில் இருக்கும் வண்டியைக் கனகபுரா பக்கம் கொண்டுபோகணும்னா இன்னொரு வண்டியின் முதுகில்தான் போகணும்.

எந்த வண்டி?

டேப்பை எடுத்து முதலில் அளங்க. பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாதிரி ஒரு பெரிய ஏ.டி.வி. சுமார் ஏழடி நீளம், நாலடி அகலம், 320 கிலோ பக்கம் எடை. டாடா ஏஸ் பாடி ஏழடி நீளம், அகலம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வண்டி உட்காரும், ஆனால் பெல்ட் கட்டக் கை நுழைய இடம் இருக்காது. பொலிரோ பிக்கப்பின் ஒன்பதடி பாடிதான் என் தேர்வு. இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ் எல்லாம் பார்க்க அழகு. ஆனால் பின்தளம் ஐந்தடிதான், பின்கதவைத் திறந்து போட்டாலும் பின் சக்கரம் அந்தக் கதவு மேலேதான் நிற்கும். கதவைத் தாங்கும் கம்பிக்கு அந்த எடை தாங்குமா என்று கம்பெனிக் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

பாடிக்கு மேலே இரும்புச் சட்டம் போட்டு, அதன்மேல் ரெண்டு ஏ.டி.வி.யைக் குறுக்காக நிறுத்தும் லோடிங் ரேக்கை அமெரிக்க வீடியோக்களில் பார்த்திருப்பீங்க. பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. கணக்குப் போட்டதும் போய்விட்டது. ஏழடி வண்டியைக் குறுக்கே வைத்தால் நம்ம பிக்கப்பின் ரெண்டு பக்கமும் சக்கரம் வெளியே நீட்டும். சரக்கு பக்கவாட்டில் நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 20,000 ரூபாய் அபராதம். நிரந்தரமாக வெல்டிங் பண்ணிய ரேக் என்றால், வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய 52-ஆம் பிரிவும் சேர்ந்து வரும், ஆர்.டி.ஓ. வாசல் ஏறணும். இது போக, எடை மேலே போகப் போக வளைவில் வண்டி சாயும். குழந்தைகள் ஓட்டும் 110 சிசி சின்ன வண்டி ரெண்டு என்றால் ஒன்பதடி பாடியிலேயே அடங்கும், ரேக்கே வேண்டாம்.

ராம்ப் எவ்வளவு நீளம்?

பாடித் தளம் தரையிலிருந்து மூணடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஆறடி ராம்ப் போட்டால் சரிவு 30 டிகிரி. அதில் ஏறும்போது முன் சக்கரம் தூக்கும், வண்டி பின்பக்கமாக மல்லாந்துவிடக்கூடும். எட்டடி என்றால் 22 டிகிரி, பத்தடி என்றால் 17 சொச்சம். எட்டடிக்குக் கீழே வாங்காதீங்க. தோட்டத்தில் மண்மேடு இருந்தால் அதிர்ஷ்டம். மேட்டை ஒட்டிப் பிக்கப்பின் பின்பக்கத்தை நிறுத்தினால் பாதிச் சரிவு குறைந்துவிடும்.

ஏற்றுவது

பிக்கப்புக்கு ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, டயருக்குக் கட்டை கொடுங்க. ராம்ப் ரெண்டும் ஏ.டி.வி.யின் இடது, வலது டயர்களுக்கு நேராக இருக்கணும். ஏ.டி.வி.யில் வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) இருந்தால் அதை விடச் சுகம் கிடையாது. வின்ச் கொக்கியைக் கேபினுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் மாட்டினால் கம்பி வளைந்துவிடும், பாடியின் உறுதியான இடத்தில் மாட்டி மெதுவாக இழுங்க. ஓட்டித்தான் ஏற்றணும் என்றால் ஹெல்மெட் போட்டு, லோ கியரில், நாலு சக்கர டிரைவில், உடம்பை முன்னால் சாய்த்து, ஒரே சீராகப் போங்க. நடுவில் நிறுத்தி மறுபடி ஆக்சிலரேட்டரை அமுக்கினால்தான் ஆபத்து. பின்னால் ஒருத்தரும் நிற்கக் கூடாது. "நான் தள்றேன் அண்ணா" என்று ஒருத்தர் கட்டாயம் வருவார், அவரை டீ வாங்க அனுப்பிடுங்க.

கட்டுவது

கயிறு வேண்டாம், ராட்செட் பெல்ட் (பிடியை முன்னும் பின்னும் ஆட்டி இறுக்கும் பட்டை) நாலு வாங்குங்க. எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கடைக்காரர் "இது ரெண்டு டன் தாங்கும் சார்" என்பார். பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்க. அறுந்து போகும் எடை ஒன்று, பாதுகாப்பாக இழுக்கக்கூடிய எடை இன்னொன்று. ரெண்டாவது எண் பெரும்பாலும் முதலாவதில் மூணில் ஒரு பங்குதான், அதைத்தான் நம்பணும். சடன் பிரேக் போட்டால் வண்டி எடையில் 0.8 பங்கு முன்னால் தள்ளும் என்று கணக்கு வைப்பது வழக்கம். 320 கிலோவுக்கு அது 256 கிலோ.

புதுசாகச் செய்கிறவர்கள் கொக்கியை ஏ.டி.வி.யின் சாமான் ரேக்கில் மாட்டுவார்கள், கைக்கு எட்டுவது அதுதானே. ஸ்போர்ட்ஸ்மேனின் முன் ரேக் 41 கிலோ சாமானுக்கும், பின் ரேக் 82 கிலோவுக்கும் செய்தது. இழுவைக்கு அல்ல. சேஸிஸ் குழாயைத் தேடி மாட்டுங்க. பிக்கப் பக்கத்தில், பாடிக்கு வெளியே இருக்கும் சின்னக் கொக்கிகள் தார்ப்பாய்க் கயிற்றுக்கானவை. தளத்தில் நாலு மூலையிலும், அடியில் இரும்புப் பட்டை கொடுத்து, வளையம் போல்ட் பண்ணிக்கொண்டால் நிம்மதி. பெல்ட் கூர்மையான விளிம்பில் படும் இடத்தில் சாக்கை மடித்துச் செருகுங்க.

முன் சக்கரம் கேபின் பக்கச் சுவரைத் தொடணும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்கணும். முன்னால் ரெண்டு பெல்ட்டை முதலில் மாட்டுங்க, பிறகு பின்னால் ரெண்டு. பெல்ட் நுனியை ராட்செட் அச்சின் வெட்டு வழியாக விட்டு, தொய்வு முழுவதையும் கையால் இழுத்துவிட்டு அப்புறம்தான் "கடக் கடக்" என்று முறுக்கணும். அச்சில் ரெண்டு மூணு சுற்றாவது ஏறினால்தான் பிடிக்கும். தொய்வோடு முறுக்கினால் பெல்ட் உருண்டையாகத் திரண்டு சிக்கிவிடும், அப்புறம் கத்திதான். சஸ்பென்ஷன் லேசாக அமுங்கும் வரை இறுக்கினால் போதும். வண்டியைப் பிடித்து ஆட்டுங்க. பிக்கப்பும் சேர்ந்து ஆடணும்.

ரோட்டில்

காலை, மாலை நெரிசல் நேரத்தில் நகரத்துக்குள் சரக்கு வண்டிக்குக் கெடுபிடி உண்டு, அதனால் விடியும் முன் கிளம்பிடுங்க. நாங்கள் ஓசூர் ரோடு போய், நைஸ் ரோட்டில் (ஊருக்கு வெளியே சுற்றிப் போகும் டோல் ரோடு) ஏறி, கனகபுரா ரோட்டில் இறங்குவோம். டோல் காசு போனாலும் வேகத்தடைத் தொல்லை குறைவு. முதல் பத்து கிலோமீட்டரில் நிறுத்திப் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்க, ஒன்றாவது தளர்ந்திருக்கும். காற்றில் பெல்ட் "ர்ர்ர்" என்று கத்தினால் பெல்ட்டையே ஒரு சுற்றுத் திருகிக் கட்டுங்க, சத்தம் நிற்கும். பாடியில் ஆள் ஏறவே கூடாது.

இறக்கும்போதும் ராம்ப்பைக் கட்டிவிட்டுத்தான் பெல்ட்டைக் கழற்றணும். ரிவர்ஸில், லோ கியரில், ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் துளித்துளியாகப் பிடித்து இறங்குங்க. திரும்பி வரும்போது வண்டி சேறும் சகதியுமாக இருக்கும். ஏற்றும் முன் டயரையும் கொக்கி மாட்டும் குழாயையும் தண்ணீர் அடித்துக் கழுவிடுங்க, ஈரச் சேற்றோடு ராம்ப் ஏறினால் சறுக்கும். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் காயவைத்து டப்பாவில் போட்டு மூடி வைங்க. சாக்கில் சுற்றி வைத்த என் பெல்ட் ரெண்டை எலி கடித்துத் துளைத்துவிட்டது, அடுத்த ஞாயிறு காலையில் மாட்டும்போதுதான் பார்த்தேன்.