மாசி வெண்டை: கடலோர மண்ணுக்கு 10 சென்ட் கணக்கு

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்கிற நேரம்தான் கடலூர், பாகூர் பக்கம் கோடைக் காய்கறிக்குத் தொடக்கம். மாசி முடிவதற்குள் வெண்டை விதை மண்ணில் விழுந்துவிட வேண்டும். பங்குனி நடுவில் போட்டால் பூவும் பிஞ்சும் கத்திரி வெயிலில் மாட்டும். வெள்ளை ஈயும் அப்போதுதான் பெருகும்.

உழுவதற்கு முன் போர்த் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். கடலோரத்தில் கோடை ஏற ஏற உப்பும் ஏறும். தை மாதம் நன்றாக இருந்த தண்ணீர் சித்திரையில் கரிக்கும். வெண்டை உப்பைத் தாங்காது. கொத்தவரை நன்றாகவே தாங்கும். சந்தேகமான கிணறு என்றால் பாதி நிலத்துக்காவது கொத்தவரை போடுவது நல்லது. மீதியில் வெண்டை.

10 சென்டுக்கு மக்கிய தொழு உரம் 1 டன், சூப்பர் பாஸ்பேட் 12 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, யூரியா 1¾ கிலோ அடியுரமாகப் போட்டு உழுது, ஒன்றரை அடி இடைவெளியில் பார் (நீளமான மண் மேடு) பிடிக்கவும். விதை 350 கிராம் போதும். கோடைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்குகிற அர்கா அனாமிகா, பர்பானி கிராந்தி போன்ற ரகங்களையே வாங்குங்கள். இரவு ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, ஆறிய கஞ்சியில் குழைத்த 20 கிராம் அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரத்தைப் பூசி, மறுபடி அரை மணி நேரம் நிழலில் போட்டு விதைக்கவும்.

பாரின் உச்சியில் விதை ஊன்றுவதுதான் இங்கே பலரும் செய்கிற தவறு. தண்ணீர் பாய்ந்ததும் ஈரம் மேலே ஏறும், வெயிலில் ஆவியாகும், உப்பு மட்டும் உச்சியில் தங்கும். ஒரு வாரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே விழுந்த விதை முளைக்காது. முளைத்தாலும் இலை ஓரம் கருகும். அதனால் முதலில் ஒரு தண்ணீர் விட்டு, பாரின் சரிவில் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே, 2 செ.மீ. ஆழத்தில், ஓர் அடிக்கு ஒரு குழி, குழிக்கு 2 விதை. மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதாவது விதைத்த பின் விடும் முதல் தண்ணீர். பத்தாம் நாள் நல்ல செடி ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கவும்.

பிறகு மண்ணைப் பார்த்துத் தண்ணீர். மணற்பாங்கு என்றால் 3 நாளுக்கு ஒருமுறை, களி கலந்தது என்றால் வாரம் ஒன்று. வெயில் ஏறுமுன் காலையிலேயே பாய்ச்சிவிடுங்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பின் காய்ந்த இலையான சோகைக்குப் பஞ்சமில்லை. அதை வாய்க்காலை அடைக்காமல் பாரின் மேல் பரப்பினால் ஆவியாதல் குறையும், உப்புப் பூப்பதும் குறையும். 30ஆம் நாள் களை எடுத்து, யூரியா 1¾ கிலோ இட்டு மண் அணைக்கவும்.

இலை நரம்பு வலைபோல் மஞ்சளானால் அது மஞ்சள் நரம்புத் தேமல், அந்தச் செடி தேறாது. மருந்தைத் தேடாமல் அன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அதைப் பரப்புகிற வெள்ளை ஈக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்: இடித்த பருப்பு அரை கிலோவை இரவு முழுக்க 3 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கவும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வீசும்போது அடித்தால் பாதி பக்கத்து வயலுக்குத்தான் போகும். சாயங்காலம் காற்று தணிந்த பிறகு அடிக்கலாம். இலை அடியில் தூசி படிந்தாற்போல் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் அடித்தால் இலை தீய்ந்துவிடும்.

45ஆம் நாள் வாக்கில் பறிப்பு தொடங்கும். நுனியைக் கிள்ளினால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும், வளைந்தால் முற்றிவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில், கையுறை போட்டுப் பறியுங்கள், சுணை அரிக்கும். விற்காது என்று முற்றல் காயைச் செடியிலேயே விடாதீர்கள், அடுத்த பூ குறையும்.



காய் ஓய்ந்ததும் செடியைப் பிடுங்கிவிட்டு, கோடை மழை ஈரத்தில் உழுது, பசுந்தாள் உரத்துக்கு 2 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி உழவும்.