கயிறு உருட்டி ஒரு ஜோமோன் பானை

ஜப்பானில் வேட்டையாடி, மீன் பிடித்து, கொட்டை பொறுக்கி வாழ்ந்தவர்கள் ஜோமோன் மக்கள். சக்கரமும் சூளையும் இல்லாமலே பானை செய்தார்கள். அவோமோரியில் கிடைத்த சில ஓடுகளுக்கு வயது சுமார் 16,000 ஆண்டுகள். ‘ஜோமோன்’ என்றாலே கயிற்றுத் தடம்தான். 1877இல் டோக்கியோவின் ஓமோரியில், பழங்காலத்தவர் எறிந்த சிப்பிகள் குவிந்த மேட்டைத் தோண்டிய அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், அங்கே கிடைத்த பானை ஓடுகளைப் பார்த்து ஆங்கிலத்தில் ‘கயிற்றுத் தடம் பதிந்தவை’ என்றார்; அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்புதான் இந்தப் பெயர்.

அதனால் முதல் வேலை கயிறு. ஒரு முழச் சணலை விறைக்கும்வரை முறுக்கி, இரண்டாக மடித்து விடுங்கள். தானே எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் முடிச்சுப் போடுங்கள்.

அடுத்து மண். ஐந்து பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்து, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். மணல் இருந்தால் சுடும்போது விரிசல் குறையும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம் தட்டுங்கள். சுண்டுவிரல் பருமனில் மண்திரி உருட்டி, அதன்மேல் வளையம் வளையமாக அடுக்குங்கள். ஒவ்வொரு வளையத்தையும் உள்ளும் புறமும் கட்டைவிரலால் இழுத்துத் தேய்த்து ஒட்ட வேண்டும். இங்கே சோம்பினால் பானை வளையம் வளையமாகவே கழன்று வரும். ஜப்பானின் நீகாட்டா பக்கத்தில் கிடைத்த, விளிம்பு தீச்சுடர்போல எழும் ஜோமோன் பானைகளைப் படத்தில் பார்த்துவிட்டு அந்த விளிம்பை முயல ஆசை வரும். வேண்டாம், பத்துப் பானைக்கு அப்புறம் பார்க்கலாம். (அவ்வளவு அலங்காரமான அந்தப் பானைகள் பலவற்றில் அடிப்பிடித்த கரி இருக்கிறது. அதில் சமைத்திருக்கிறார்கள்!)

விரல் பட்டால் தடம் விழ வேண்டும், மண் ஒட்டக் கூடாது. அதுதான் கயிற்றுக்கான பதம். பலர் கயிற்றை அழுத்திவிட்டு எடுத்துவிடுவார்கள். வெறும் கோடுதான் கிடைக்கும். ஈரக் கயிற்றைப் பானைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். அரிசி மணிகளைச் சாய்வாக வரிசை கட்டி ஒட்டியதுபோலத் தடம் விழும். உள்பக்கத்தைக் கூழாங்கல்லால் வழவழப்பாகத் தேயுங்கள்.

நிழலில் பத்து நாள் காயட்டும். நான் மூன்றாம் நாளே நெருப்பில் வைத்தேன், படார்! இப்போதெல்லாம் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

சுடுவது திறந்த வெளியில். முதலில் ஒரு மணி நேரம் நெருப்போரம் திருப்பித் திருப்பிச் சூடாக்குங்கள். பிறகு தணலில் வைத்து, சுற்றிலும் விறகு அடுக்கி எரியுங்கள். சாம்பலோடு இரவு முழுக்க ஆறட்டும். காலையில் எடுத்தால் அங்கங்கே கருந்திட்டு இருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டாம், திறந்த நெருப்பில் சுட்டால் அப்படித்தான் வரும். தண்ணீர் ஊற்றினால் கசியும். காய்ந்த பூ வையுங்கள்.